பாதியில் நிற்கும் புல்வெட்டும் வண்டி: ஓட்டுபவரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மழை தொடங்கிவிட்டால் பெங்களூரில் புல்வெளி வைத்திருப்பவர்களுக்கு நிம்மதி இல்லை. ஜூனிலிருந்து அக்டோபர் வரை, வெட்டி முடித்த இடம் திரும்பிப் பார்ப்பதற்குள் வளர்ந்து நிற்கும். வைட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலை, தேவனஹள்ளி பக்கத்து வில்லா லேஅவுட்டுகள், ஐ.டி. வளாகங்கள், பள்ளி மைதானங்கள் என ஏக்கர் கணக்கில் புல் உள்ள இடங்களில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியைத்தான் நம்பியிருக்கிறார்கள். அது பாதி மைதானத்தில் நின்றுபோனால் மெக்கானிக்குக்கு வரும் தகவல் ஒரே வரிதான்: "நல்லா ஓடுது, திடீர்னு ஆஃப் ஆயிடுது."

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரும் உருப்படியாக எதுவும் செய்ய முடியாது. அதனால் இரண்டு வைத்தியங்கள்தான் நடக்கின்றன. ஒன்று, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரை மாற்றுவது. மற்றொன்று, சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்சை ஒரு துண்டு ஒயரால் நேராக இணைத்துவிடுவது. முதலாவது பெரும்பாலும் வீண் செலவு. இரண்டாவது வைத்தியம், ஓட்டுபவரின் காலையே எடுத்துவிடும் வேலை. கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கும் தோட்டக்காரருக்கு வண்டி எப்படி நிற்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை. கையேடு ஆங்கிலத்தில், மேலாளரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் பட்டென்று நிற்கிறதா, அல்லது இருமி, திணறி, இழுத்துப் பிடித்து அடங்குகிறதா? பட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள். திணறி நின்றால் பெட்ரோல், காற்று, சுமை ஆகியவற்றைப் பாருங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். (கார்புரேட்டர் வைத்த எஞ்சின்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும் புதிய ரக வண்டிகளின் கதை வேறு.)

பட்டென்று நிற்கும் வகையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பார்க் வருவதற்கு இந்த எஞ்சின்களுக்கு பேட்டரி தேவையில்லை. எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் பதித்த காந்தம், ஸ்பார்க்குக்கான கம்பிச்சுற்றான காயிலைக் கடந்து போகும் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பார்க் தானாகப் பிறக்கிறது. எஞ்சினை நிறுத்த வேண்டுமென்றால், காயிலிலிருந்து வரும் ஒரு மெல்லிய ஒயரை வண்டியின் பாடியோடு சேர்த்து எர்த் செய்கிறார்கள். சாவியைத் திருப்பினாலும், பிளேடு சுற்றும்போது ஆள் சீட்டிலிருந்து எழுந்தாலும், ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கினாலும் நடப்பது இதுதான். ஆக, அந்த ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் போதும். வண்டி பள்ளத்தில் ஏறி இறங்கும் அந்த நொடியில் எஞ்சின் செத்துவிடும். அடுத்த நொடி எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும்.

இங்கே எலியை மறக்கக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்டில் இரண்டு மாதம் நின்ற வண்டியின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால், பெருச்சாளி குடும்பம் நடத்திய அடையாளம் பெரும்பாலும் இருக்கும். ஒயர் உறையைக் கடித்துச் செம்பு தெரியும் இடங்களை, சீட்டுக்கு அடியிலிருந்து எஞ்சின் வரை விரலால் தடவிக்கொண்டே போய்த் தேடுங்கள். ஒயர்களை இணைக்கும் பிளக்குகளைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பிரஷர் வாட்டர் அடித்து வண்டியைக் கழுவுவது ஊரெங்கும் வழக்கமாகிவிட்டது; "கழுவினதிலிருந்து இப்படித்தான்" என்று ஓட்டுபவர் சொன்னால், தண்ணீர் புகுந்த இணைப்பைத் தேடுவதுதான் முதல் வேலை.

சீட் சுவிட்ச் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கிறது; ஆள் உட்கார்ந்ததும் சீட் அழுந்தி சுவிட்சைத் தட்டும். பருமனான ஆட்களை மனதில் வைத்துச் செய்த வண்டியில் ஐம்பது கிலோ எடையுள்ள நம் தோட்டக்காரர் உட்கார்ந்து, செடியோரம் வெட்டுவதற்காக ஒரு பக்கம் சாய்ந்தால் சீட் மேலே எழும்பும், எஞ்சின் நின்றுவிடும். இது பழுதே அல்ல. சில வண்டிகளில் ஸ்பிரிங்கின் விறைப்பைக் குறைக்க வசதி உண்டு. இல்லாவிட்டால் சீட் கீலில் துரு ஏறி இறுகியிருக்கிறதா, சுவிட்சைத் தட்டும் தகடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சைக் கழற்றி எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரில் வைத்து, கையால் அழுத்தியும் விட்டும் சோதிக்கலாம். வேலை செய்யும் சுவிட்ச் ஒவ்வொரு முறையும் தயங்காமல் மாறும். பத்து முறைக்கு ஒரு முறை தடுமாறினாலும் மாற்றிவிடுங்கள். வண்டியிலேயே மலிவான பாகங்களில் அது ஒன்று.

தயவு செய்து அதை ஒயர் போட்டு இணைக்காதீர்கள். பிளேடு நிமிடத்துக்கு மூவாயிரம் முறைக்கு மேல் சுற்றும். வண்டி சரிவில் கவிழ்ந்தாலும், ஓட்டுபவர் கல்லில் ஏறித் தூக்கி எறியப்பட்டாலும், அந்த பிளேடை நிறுத்துவது அந்தச் சுவிட்ச் ஒன்றுதான். பராமரிப்பு ஒப்பந்தம் எழுதும் சங்கங்கள், "பாதுகாப்பு சுவிட்சுகள் எதையும் துண்டிக்கவோ ஒயரால் இணைக்கவோ கூடாது" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம். மாதம் ஒரு முறை சோதிப்பதும் எளிது: வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, பிளேடை ஓடவிட்டு, கால்களைப் பலகையிலிருந்து எடுக்காமல் சீட்டிலிருந்து லேசாக எழுந்து பாருங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். நிற்காத வண்டி அன்றைக்கு வேலைக்குப் போகக் கூடாது.

பின்னால் எடுக்கும்போது மட்டும் நிற்கிறதா? பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்போது ரிவர்ஸ் போட்டால் பல வண்டிகள் வேண்டுமென்றே நின்றுவிடும். பின்னால் குழந்தை நின்றிருக்கலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பிளேடை நிறுத்திவிட்டுப் பின்னால் எடுக்கப் பழகுங்கள். இதற்காகப் பணிமனைக்கு வண்டியைத் தூக்கி வருபவர்களும் உண்டு.

சுவிட்சா, காயிலா என்ற சந்தேகம் தீர ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சின் ஆறியபின் காயிலுக்கு வரும் அந்த எர்த் ஒயரைக் கழற்றி, நுனி எதையும் தொடாமல் டேப் சுற்றிவிட்டு, வண்டியை நிறுத்திய இடத்திலேயே, பிளேடு போடாமல் ஓடவிடுங்கள். இப்போது நிற்காமல் ஓடினால் கோளாறு ஒயரிலோ சுவிட்சிலோ இருக்கிறது. அப்போதும் அதே மாதிரி பட்டென்று நின்றால் காயில்மீது சந்தேகம் விழும். ஒயர் கழன்றிருக்கும்போது சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காமல் போகலாம். சோக்கை முழுதாக இழுத்தோ, பெட்ரோல் குழாயை மூடியோ நிறுத்துங்கள். இந்த நிலையில் வண்டியில் ஏறிப் புல் வெட்டப் போகவே கூடாது.

காயில் கெட்டுப்போவதற்கும் ஒரு குணம் உண்டு: சூட்டில்தான் மக்கர் பண்ணும். அரை மணி நேரம் நன்றாக ஓடி, சூடேறியதும் நிற்கும். உடனே ஸ்டார்ட் செய்தால் வராது. டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். உள்ளே உள்ள நுண்ணிய கம்பிச்சுற்று சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போவதே காரணம். ஆறிய காயிலை மல்டிமீட்டரில் வைத்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் பயனில்லை. வண்டி நின்ற மறு நிமிடமே ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பார்க் இல்லையென்றால் காயில். ஸ்பார்க் பளிச்சென்று இருந்தால் காயிலை விட்டுவிட்டு பெட்ரோலுக்குப் போங்கள். புதுக் காயில் மாட்டும்போது காந்தத்துக்கும் அதற்கும் இடையே மிக மெல்லிய இடைவெளி வேண்டும். பல எஞ்சின்களில் 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர், ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இறுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும்.

ஏறக்குறைய இதே குணத்தைக் காட்டும் இன்னொரு ஆசாமி பெட்ரோல் டேங்க் மூடி. அதில் ஊசித்துளை போன்ற ஒரு காற்றுவழி இருக்கும். பெங்களூரின் செம்மண் தூசியும் புல் துகளும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் வருவதே நின்றுவிடும். பதினைந்து, இருபது நிமிடம் ஓடி, திணறி நிற்கும். சிறிது நேரத்தில் காற்று உள்ளே கசிந்ததும் மறுபடி ஓடும். நின்றவுடன் மூடியைத் தளர்த்துங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளிழுக்கும் சத்தம் கேட்டால் விஷயம் முடிந்தது. மூடியை மாற்றுங்கள், அல்லது துளையைச் சுத்தம் செய்யுங்கள். கார்புரேட்டர் மாற்றிய பிறகும் சரியாகாத வண்டிகளில் எத்தனையோ வண்டிகள் இந்த மூடிக்காகத்தான் நின்றிருக்கின்றன.

மூடி சரியாக இருந்து இதேபோல் நின்றால் டேங்கின் அடியைப் பாருங்கள். காய்ந்த இலை, பெட்ரோல் கேன் மூடியின் சீல் துண்டு, ஏதோ ஒன்று உள்ளே மிதக்கும். எஞ்சின் உறிஞ்சும்போது அது வெளியேறும் துவாரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் விலகிவிடும். டார்ச் அடித்தால் தெரியும். பெட்ரோல் ஃபில்டரை வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது போதும். அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் இருக்கட்டும். சீட்டுக்கு அடியில் அல்லது பின்னால் டேங்க் இருக்கும் வண்டிகளில் எஞ்சினின் காற்றுத் துடிப்பில் இயங்கும் சிறு பம்ப் இருக்கும். அதற்கு வரும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு விழுந்தால் பம்ப் சுமையின்போது திணறும். ஆறிய எஞ்சினில், ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றி எர்த் செய்துவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு, ஆனால் பலமாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் கோளாறு கார்புரேட்டருக்கு முன்பே இருக்கிறது.

இனி பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது இதே பெங்களூரில்தான். இன்று பெட்ரோல் பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைப்பது அதுதான். ஆனால் இங்கே புழங்கும் பெரும்பாலான புல்வெட்டும் வண்டி எஞ்சின்களின் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்று எழுதியிருக்கும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்க், மழைக்கால ஈரம், மூன்று வாரம் ஓடாமல் நின்ற வண்டி ஆகிய மூன்றும் சேர்ந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அதுதான். தவிர, பழைய ரப்பர் ஹோஸின் உள்பக்கத்தை எத்தனால் உரித்துத் துகளாக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் அதே அளவு காற்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவதால், ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை) அளவு மாறாத பழைய கார்புரேட்டரில் கலவை மெலிந்து எஞ்சின் ஏறி இறங்கிப் பாடும், சூடும் கூடும்.

சந்தேகம் வந்தால் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்குக் கோடு தெரிந்தால் டேங்க் முழுதையும் வடித்துவிட வேண்டியதுதான். புதுப் பெட்ரோலைச் சேர்த்து ஊற்றினால் சரியாகாது. இதற்கு எளிய பழக்கம், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது. மழை முடிந்து வண்டியை ஓரங்கட்டும்போது டேங்கை வடித்து, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வைக்கும் வழக்கத்தைப் பற்றி என்ன சொல்ல!

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கார்புரேட்டர். அடியில் உள்ள கிண்ணத்தை ஒரே போல்ட் பிடித்திருக்கும். பல எஞ்சின்களில் அந்த இடத்தில் சாலினாய்டு, அதாவது மின்சாரத்தில் பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் வால்வு, இருக்கும். சாவியை ஆன் செய்ததும் அதிலிருந்து "டக்" என்ற சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஒயர், எர்த், சாலினாய்டு என்ற வரிசையில் பாருங்கள். அதற்கு பேட்டரி மின்சாரம் தேவை என்பதால் ஒரு வேடிக்கையான கோளாறும் வரும்: சார்ஜிங் வேலை செய்யாத வண்டியில் பேட்டரி மெல்ல இறங்கி, சாலினாய்டைப் பிடித்து வைக்கத் திராணியில்லாமல், பெட்ரோல் தடைபட்டு எஞ்சின் அடங்கிவிடும். பிளேடை மின்சார கிளட்ச் சுற்றும் வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஆகவில்லை.

ஜெட்டைச் சுத்தம் செய்யும்போது இரும்புக் கம்பி, ஊசி எதுவும் விடாதீர்கள். துளை கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாகிவிட்டால் கலவை கெட்டுவிடும். கிளீனர் ஸ்பிரே, பிறகு காற்று, அவ்வளவுதான். ஐடிலில், அதாவது குறைந்த வேகத்தில் மட்டும் நின்று, முழு வேகத்தில் ஓடினால் அடைத்திருப்பது சிறிய ஜெட். ஆயிலில் பெட்ரோல் வாசம் வந்து, அளவு கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்க வேண்டிய ஃப்ளோட் ஊசி மூடவில்லை என்று பொருள். அந்த ஆயிலோடு எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

புல் அடர்ந்த இடத்தில் மட்டும் நின்றால் எஞ்சினைத் திட்டாதீர்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் இது. சாதாரண கார்புரேட்டர் எஞ்சின் இந்த உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கிறது. அதோடு ஈரப் புல், மழுங்கிய பிளேடு, பிளேடை மூடியிருக்கும் டெக்கின் அடியில் அப்பிய புல் சக்கை, போதாக்குறைக்கு "பெட்ரோல் மிச்சம்" என்று பாதி த்ராட்டிலில் ஓட்டுவது! பிளேடு போட்டால் த்ராட்டில் முழுதாக இருக்க வேண்டும். எஞ்சினைக் குளிரவைக்கும் விசிறியும் அந்த வேகத்தை நம்பித்தான் இருக்கிறது. ஒரே முறையில் புல் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். சாவியை எடுத்து, பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, கையுறையோடு பிளேடைச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றோ இறுகியோ சுற்றினால் பிளேடு சுற்றும் அச்சின் ஸ்பிண்டில் பேரிங் போயிருக்கிறது. பல வண்டிகளில் அது 6203 என்ற எண்ணுள்ள சாதாரண பேரிங்தான், ஜே.சி. ரோட்டுப் பக்கம் கேட்டால் கிடைக்கும், வெளிநாட்டுப் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஏர் ஃபில்டரை 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்வார்கள். கட்டுமான வேலை நடக்கும் லேஅவுட்டில் வாரம் ஒரு முறை பாருங்கள். பேப்பர் ஃபில்டரைத் தரையில் மெல்லத் தட்டினால் போதும். கம்ப்ரஸர் காற்று கிழித்துவிடும். எஞ்சின் மேலுள்ள விசிறி மூடியை வருடத்துக்கு ஒரு முறை கழற்றி, சிலிண்டரின் துடுப்புகளுக்கிடையே அடைந்த காய்ந்த புல்லை எடுக்க வேண்டும். இதை யாருமே செய்வதில்லை. சூட்டில் நிற்கும் எஞ்சின்களில் பலவற்றின் ரகசியம் அங்கே ஒளிந்திருக்கும். ஆயில் குறைந்தால் தானாக நிற்கும் சென்சார் சில எஞ்சின்களில் உண்டு. சரிவில் திரும்பும்போது மட்டும் நின்றால் முதலில் ஆயில் குச்சியையும் பெட்ரோல் டேங்கையும் பாருங்கள்; பெரும்பாலும் இரண்டில் ஒன்று குறைவாக இருக்கும்.

வண்டியைப் பணிமனைக்கு அனுப்பும் முன் ஓட்டுபவரை உட்காரவைத்து, கன்னடமோ தமிழோ, ஒரு காகிதத்தில் நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள்: ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடத்தில் நின்றது, பட்டென்றா, திணறியா, அந்த நேரம் பிளேடு, ரிவர்ஸ், மேடு பள்ளம் எதில் இருந்தார், எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஓடியது. அந்தக் காகிதத்தைச் சாவியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தோட்ட இயந்திர மெக்கானிக்குகள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.